ஒரு சொம்பு கூழும் ஆறு மாதமும்

தையல் மெஷின் பெடலை மிதிக்கும்போதுதான் முதலில் தெரிந்தது. ஒரு பிளவுஸ் முடிப்பதற்குள் மூன்று முறை நிறுத்தி மூச்சு வாங்கினேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, மாதவிலக்கு நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. உடம்பிலிருந்து ரத்தம் போவதற்கு எனக்குத் தெரிந்து ஒரு வழியும் இல்லை. ஆனால் சோதித்தபோது ஹீமோகுளோபின் (ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் சத்து) இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது.

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன் வீடுகளில் இருக்கும் அத்தனை பேரும் அன்றே வைத்தியர் ஆகிவிட்டார்கள். ராகி சாப்பிடு, முருங்கைக்கீரை சாப்பிடு, பேரீச்சை சாப்பிடு. நானும் வஞ்சனை இல்லாமல் சாப்பிட்டேன். காலையில் ராகிக் கஞ்சி, மதியம் களியும் கீரையும். இரும்புச்சத்து மாத்திரையும் போட்டேன். ரத்தம் ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் ஒயிட்பீல்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். இருபது வருடமாகத் தினமும் ரயிலில் பெங்களூர்ப் பக்கம் போய் வருகிறவர். அவர்தான் அங்கே ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். குடலுக்குள் எங்கேயாவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். கொலனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்யத் திங்கட்கிழமை நாள் கொடுத்தார்கள். இரும்பு மாத்திரையை ஒரு வாரத்துக்கு நிறுத்தச் சொன்னார்கள். கையில் ஒரு தாள் தந்தார்கள். சோதனைக்கு முந்தின நாள் திரவ உணவு மட்டும் என்று அதில் இருந்தது. அதற்கு முந்தைய நாட்களைப் பற்றி ஒன்றும் இல்லை, நாங்களும் கேட்கவில்லை.

அந்த முந்தின நாள் ஆடி ஞாயிறு.

வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்கள் எங்களுடையவை. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது எங்களுக்கு விட்டுப்போகாத வழக்கம். என் சோதனை நல்லபடியாக முடிய வேண்டும் என்று அந்த வருடம் என் வீட்டுக்காரர் வேண்டிக்கொண்டு, தானே ஊற்றுவதாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமையே ராகி மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தார். ஞாயிறு காலையில் நொய் போட்டு, பெரிய அண்டாவில் அவரே துடுப்பால் கிளறினார். கோயிலில் படைத்ததும் முதல் சொம்பை என்னிடம்தான் நீட்டினார்.

"இதக் குடிக்கலாமாங்க? நாளைக்கு டெஸ்ட்டு."

"தண்ணியாத்தான கீது. தாள்லயும் தண்ணியா சாப்டச் சொல்லித்தான போட்டுகீது. உனுக்காகத்தான் ஊத்தறது, நீயே குடிக்காம போனா எப்பிடி?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நோயாளிக்குக் கஞ்சியும் கூழும்தானே கொடுப்போம்? மோர் ஊற்றிக் கரைத்த கூழை விடத் திரவம் எது? ஒரு சொம்பு முழுக்கக் குடித்தேன். சாயங்காலம் பேதி மருந்து கலந்த உப்புத் தண்ணீரில் பாதி, விடியலில் மீதி. அப்புறம் ரயில். கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்து, எந்தப் பெட்டியில் தண்ணீர் வரும் என்று தெரிந்து ஏற்றி, வேறு யாரும் உள்ளே போகாமல் கதவுக்குக் காவல் நின்றார் மனிதர். அவரோடு தினம் போகிற கூட்டாளிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சோதனை முடிந்து டாக்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"பாதி வரைக்கும் நல்லா தெரிஞ்சதும்மா. வலது பக்கம் பூரா களி பூசின மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. ராகி சாப்பிட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார். "கூழு சார். சாமி கூழு. ஒரு சொம்புதான்."

டாக்டர் திட்டவில்லை. அது கூழால் மட்டும் இல்லை, அதற்கு முன் தின்ற களியும் கீரையும் சேர்ந்ததுதான் என்றார். ராகியின் தவிடும் கீரையின் நாரும் செரிக்காமல் குடல் சுவரில் தங்கும், உப்புத் தண்ணீராலும் அதைக் கழுவ முடியாது. திரவம் என்றால் ஊற்றினால் ஓடுவது இல்லை, டம்ளருக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

"பார்த்த வரைக்கும் ஒண்ணும் இல்ல. பார்க்காத இடத்தப் பத்தி நான் எதுவும் சொல்ல முடியாது. மூணு வாரத்துல மறுபடி வாங்க."

நாங்கள் முதல் வாக்கியத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்தோம். ஒன்றும் இல்லையாம் என்று லைன் முழுக்கச் சொன்னோம். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று அவர் தேங்காய் உடைத்தார். மாத்திரையை மறுபடி தொடங்கியதும் ரத்தம் கொஞ்சம் ஏறியது. உண்மையைச் சொல்கிறேன், அந்த உப்புத் தண்ணீரை இன்னொரு முறை குடிக்க எனக்குப் பயமாகவும் அருவருப்பாகவும் இருந்தது. மூன்று வாரம் தீபாவளிக்கு அப்புறம் என்றானது, பிறகு தைக்கு அப்புறம் என்றானது. அவர் இரண்டு முறை கேட்டார். நான்தான் தள்ளிப்போட்டேன்.

தை மாதம் குளிக்கும்போது வயிற்றின் வலப்பக்கம் கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

இரண்டாவது சோதனைக்கு என் வீட்டுக்காரர் என்னைத் தயார்படுத்தியதை இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். மூன்று நாள் முன்பே ராகி, கீரை, தோலுள்ள பருப்பு, விதையுள்ள பழம், தேங்காய்த் துருவல் எல்லாவற்றையும் நிறுத்தினார். வெள்ளைச் சோறு, இட்லி, தயிர், வடிகட்டிய ரசம். கடைசி நாள் தெளிந்த இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் விடாத டீ. சிவப்பாக எதுவும் கூடாது, உள்ளே ரத்தம் போலத் தெரியும். ரசத்தைத் துணியில் மூன்று தடவை வடிகட்டி, டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

குடல் அத்தனை சுத்தமாக இருந்தது என்றார் டாக்டர். எல்லாம் தெரிந்தது. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் எலுமிச்சை அளவுக்குப் புற்றுநோய்க் கட்டி.

வலப்பக்கப் பெருங்குடலை வெட்டி எடுத்துச் சிறுகுடலை மீதியோடு சேர்த்துத் தைத்தார்கள். ஈரலில் இரண்டு புள்ளிகள் இருந்தன. கீமோ (புற்றுச் செல்களை அழிக்க நரம்பில் ஏற்றும் மருந்து) மூன்று வாரத்துக்கு ஒரு முறை. வீட்டில் அவர் ராகியைக் கையால் தொடுவதை விட்டார். பிறகு சோறும் பாதியானது. சட்டைகளைத் தோளில் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன், அவ்வளவு இளைத்துவிட்டார். எனக்கு நோய் வயிற்றில் இருந்தது, அவருக்கு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

நான்காவது கீமோவுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் ஈரலின் புள்ளிகள் பெரிதாகியிருந்தன. அவர் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் டாக்டரிடம் கேட்டேன்.

"அன்னிக்கு ஆடியிலயே தெரிஞ்சிருந்தா சார்?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா அப்ப ஈரலுக்குப் போயிருக்காதுன்னுதான் நினைக்கிறேன்."

வெளியே தாழ்வாரத்தில் மருந்துப் பையோடு நின்றிருந்தார் என் வீட்டுக்காரர். "தனியா இன்னா கேட்ட? இன்னா சொன்னாரு?"

"ஆடியில பாத்திருந்தாலும் இதேதானாம். ஒரு வித்தியாசமும் இருந்திருக்காதாம். அப்பவே ஈரலுக்குப் பூடுச்சாம்."

"நெஜமாவா?"

"நான் எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். திருமணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். பிறகு ஸ்டேஷன் எதிரே ஹோட்டலில் சாப்பாடு வாங்கி, இரண்டாம் முறையும் சோறு கேட்டார்.

அவர் கன்னடப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அதனால்தான் இதை இங்கே தமிழில் எழுத முடிகிறது. அவரிடம் சொன்ன பொய்யை உங்களிடமும் சொன்னால் உங்களுக்கு ஆபத்து. அரைகுறையாக நின்ற சோதனை நல்ல முடிவு இல்லை, அது முடிவே இல்லை. திரும்ப வரச் சொன்னால் அந்த வாரமே போங்கள். கூழ் ஊற்றிய கையைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆறு மாதம் தள்ளிப்போட்டது நான்.

அன்று திரும்பும் வண்டியில் பங்காருப்பேட்டையில் கூட்டம் இறங்கியதும் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். ஊசி ஏற்றிய கை அவர் பாரத்தில் மரத்துப்போனது. நகரச் சொல்லவில்லை. பாதிக் குடலும் ஊசித் துளைகளுமாக மிச்சம் இருக்கும் இந்த உடம்பு, ஒருவர் சாய்ந்து தூங்குவதற்குப் போதுமானதாக இருந்தது. கோரமண்டல் ஸ்டேஷன் வருவதற்கு முன் சிக்னல் கிடைக்காமல் வண்டி நின்றது. எதிரே இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்து ரயில்வேயைத் திட்டினார். அது இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும் என்று எனக்கு இருந்தது.