குணசேகர் மாற்றி வைத்த பவர் சப்ளை

குணசேகர் இறந்துவிட்டாராம்... மாரடைப்பு. செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாரே, அவர்தான்.

காலையிலிருந்து வாட்ஸ்அப் குரூப் முழுக்கக் கைகூப்பும் பொம்மைகள். "தங்கமான மனுஷன்." "கேட்டதைச் செய்து தருவார்."

நான் கேட்டதை அவர் தரவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். இன்றைக்குப் போய் இதையெல்லாம் எழுதலாமா என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் செஞ்சிக்குப் பக்கத்து வல்லத்துப் பெண். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். மிச்ச நேரமெல்லாம் கேம்.

பெண்கள் மட்டும் ஆடும் ஒரு டீமில் இருந்தேன். ஆளுக்கொரு ஊர், நேரில் பார்த்ததே இல்லை, ஹெட்செட்டில் கேட்கும் குரல்தான் பழக்கம். பெரிய டோர்னமென்ட் ஒன்று வருகிறது என்றதும், பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு கேமிங் பிசி கட்டியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒவ்வொரு பாகமும் நானே தேர்ந்தெடுத்தது. எந்த பிராசஸர், அதற்கு எந்த மதர்போர்டு பொருந்தும், எந்த கிராபிக்ஸ் கார்டு கேபினெட்டுக்குள் அடங்கும்... மாதக்கணக்கில் வீடியோ பார்த்து, படித்து, சண்டை போட்டு முடிவு செய்தவை.

அதில் பவர் சப்ளை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று இருந்தேன். உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுப்பது அதுதான். எங்கள் ஊர் கரண்ட்டோ, பக்கத்துக் கொல்லையில் மோட்டார் போட்டாலே ஃபேன் தள்ளாடும்.

நைனாவோடு கடைக்குப் போனேன். குணசேகர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னா பெரியவரே, பையனுக்கா?"

"இல்ல தம்பி, பொண்ணுக்குத்தான். அதுங்கிட்டயே கேளு."

சிரித்தார். "உள்ள கலர் கலரா லைட்டு எரியணும், அவ்ளோதான பாப்பா?"

நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பதில் மட்டும் நைனாவுக்கே போனது. பவர் சப்ளையைச் சொன்னதும் கையை வீசினார்.

"அதெல்லாம் டப்பாக்குள்ள கெடக்கற சாமான் பெரியவரே. எதப் போட்டா இன்னா? யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேண்ணே," என்றேன்.

"சரி சரி... நீ சொன்னதயே போட்டுத் தரேன்."

பிசி வீட்டுக்கு வந்தது. பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நான் கேட்ட கம்பெனி பெயர்தான் ஸ்டிக்கரில் இருந்தது. நம்பினேன்.

டோர்னமென்ட்டுக்கான தகுதிச் சுற்று ஒரு மத்தியானம் நடந்தது. நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தோம்... திடீரென்று டப்பென்று ஒரு சத்தம். பிசியின் பின்பக்கத்திலிருந்து தீப்பொறி. ஜன்னல் திரை பிடித்துக்கொண்டது.

நான் கத்திய கத்தலில் நைனா வாசலில் காயப்போட்ட மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். மெயினை அணைத்துவிட்டு, எரிகிற திரையைக் கையாலேயே பிய்த்து வெளியே எறிந்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும்போது போனில் டீம் கேப்டன் மெசேஜ். "எங்கடி போன? தோத்துட்டோம்."

வீட்டுக்கு வந்து பவர் சப்ளையைக் கழற்றினேன். சூட்டில் ஸ்டிக்கரின் ஓரம் எழும்பியிருந்தது. உரித்தால், அடியில் நான் கேள்வியே படாத வேறொரு பெயர். கிராபிக்ஸ் கார்டும் மதர்போர்டும்கூடச் செத்துவிட்டன.

மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். நைனா கையில் கட்டு. கடையில் நல்ல கூட்டம்.

குணசேகர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஸ்டிக்கர நீயே பிச்சிட்டியே பாப்பா. வாரண்டி போச்சு."

"அடியில வேற பேரு இருக்குதேண்ணே. அதுக்கு இன்னா சொல்றீங்க?"

அவர் நைனா பக்கம் திரும்பினார். "பொம்பளப் புள்ள நாள் பூரா கேம் ஆடினா மிஷின் இன்னா பண்ணும்? காலாகாலத்துல ஒரு எடம் பாத்துக் குடுத்துடு பெரியவரே."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

என் நைனா யாரையும் எதிர்த்துப் பேசாதவர். பஸ்ஸில் கண்டக்டர் திட்டினால்கூடத் தலையாட்டுவார். அன்றைக்குக் கட்டுப் போட்ட கையை மேஜை மேல் வைத்தார்.

"கல்யாணப் பேச்சு இருக்கட்டும் தம்பி. அது இன்னா கேட்டுச்சோ அதுக்கு பதில் சொல்லு. என்னப் பாக்காத. அதப் பாத்துச் சொல்லு."

குணசேகர் மவுஸ் வாங்க வந்த ஒருவரிடம், "உங்களுக்கு இன்னா சார்?" என்று கேட்கப் போய்விட்டார்.

பிறகு வெளியே வந்துவிட்டோம்.

டீமில் என் இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் கோபமில்லை... வேறு என்ன செய்வார்கள்?

குணசேகர் அதோடு விடவில்லை. "அந்த வல்லத்துப் பொண்ணு தானே நோண்டிக் கெடுத்துக்கிச்சு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். என் சொந்த அத்தையே ஒரு விசேஷ வீட்டில் அப்படிக் கேட்டார்.

பிறகு வெளியூரில் ஒவ்வொரு பாகமாக வாங்கி, கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து நானே மாட்டினேன். அதில்தான் இதை டைப் செய்கிறேன்.

இதையெல்லாம் அப்போதே சொன்னேன். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. இன்றைக்குத் தங்கமான மனுஷனாம்.

இப்போதுதான் நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னாத்துக்கு நைனா போற? அந்த ஆளுக்கா?"

"சாவுதானம்மா... போய்த் தல காட்டிட்டு வந்துர்றேன். நீ வாணாம். நீ இரு."

செஞ்சி பஸ் ஏறிவிட்டார்.

குணசேகர் அண்ணே... என் நைனா வருகிறார். நான் வரவில்லை. போங்க.