கொடி இறங்கும் வரை பேசாதவர்

சக்கர நாற்காலி தள்ளப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கண்டியில் சமதரை என்று ஒன்று கிடையாது.

பேராதனையில் பொறியியல் படிக்கிற நான் யாழ்ப்பாணத்தான், அதிலும் சைவக்காரன். மலைச்சரிவில் இருக்கிற மாதா கோயில் திருவிழாவுக்கு வரும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள மாணவர்கள் தேவை என்று அறை நண்பன் சொன்னபோது, சாப்பாடு உண்டா என்று மட்டும் கேட்டேன். உண்டு என்றான். அவ்வளவுதான், தொண்டர்களுக்கான நீலச் சால்வை என் தோளில் ஏறிவிட்டது. உங்களில் யாராவது இப்படி அகப்பட்டிருந்தால் இதை வாசிக்கும்போதே இடுப்பில் ஒரு பிடிப்பு வரும். எழுதும்போது எனக்கும் வருகிறது.

முதுகுப் பக்கத்துப் பாட்டு

வாகனங்கள் நிற்கும் இடம் மேலே, கோயில் கீழே. எங்களுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் சிங்களவர். தமிழை எங்களை விடத் தெளிவாகப் பேசுவார். அவர் இரண்டு சட்டங்கள் சொல்லித் தந்தார். இறக்கத்தில் நாற்காலியைப் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் நோயாளி முன்னால் கவிழ்ந்துவிடுவார். இரண்டாவது, எதைக் கேட்டாலும் நாற்காலியில் இருப்பவரிடம் கேட்க வேண்டும், கூட வந்த சொந்தக்காரரிடம் கேட்கக் கூடாது.

எனக்குக் கிடைத்த முதல் ஆள் ஓய்வு பெற்ற ரீச்சர் ஒருவர். எங்கள் ஊர்ப்பக்கம்தான், இப்போது கண்டியில் மகளோடு இருக்கிறார். கண் தெரியாது, முழங்காலும் ஒத்துழைக்காது. சிஸ்டர் சொன்னபடி நாற்காலியைத் திருப்பி, நானும் பின்பக்கமாகவே நடந்து, ஒவ்வொரு அடியாக இறக்கினேன். என் கவனமெல்லாம் என் குதிகாலில் இருந்தது. பாதி வழியில் ரீச்சர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"தம்பி, பாட்டு முதுகுப் பக்கத்தால கேக்குது. என்னைக் கோயிலுக்குக் கொண்டுபோறீரோ, வீட்டுக்குத் திருப்பிவிடுறீரோ?"

கேட்டது ஒருவரை, சொன்னது வேறொருவர்

நோயாளர் கொட்டகையில் ரீச்சருக்குப் பக்கத்து இடம் மஹய்யாவையிலிருந்து வந்த ஒரு தம்பதிக்கு. கணவர் கண்டி–பிலிமத்தலாவை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்தவர். நல்ல உயரம், இப்போது எலும்பும் தோலும். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும் என்பதால் அவரையும் நான்தான் நாற்காலியில் தள்ள வேண்டும். சிஸ்டரின் இரண்டாவது சட்டம் என் தலையில் பசுமையாக இருந்ததால் அவர் முகத்துக்கு நேரே குனிந்து, "ஐயா, தண்ணி வேணுமோ?" என்று கேட்டேன். "வேணாங்க தம்பி, இப்பதான் குடிச்சாரு" என்றார் மனைவி. நான் விடவில்லை. இன்னும் குனிந்து, இன்னும் சத்தமாகக் கேட்டேன். அவர் பாவம், காது நன்றாகக் கேட்கிற மனிதர், கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருக்குத் தொண்டையில் புற்றுநோய். திங்கட்கிழமை ஒப்பரேஷன். குரல்வளையை எடுத்துவிடுவார்கள். உயிர் தப்பும், குரல் போய்விடும். ஞாயிறு மாலையே வார்டில் போய்ச் சேர வேண்டும். அந்த அம்மா மாதாவுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார். திருவிழாக் கொடி ஏறியதிலிருந்து இறங்கும் வரை கணவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். பதிலுக்கு மாதா அந்தக் குரலைக் காப்பாற்றித் தர வேண்டும். டொக்டர் கடைசி நேரத்தில் இன்னொரு முறை பார்த்துவிட்டு, ஒப்பரேஷன் தேவையில்லை என்று சொல்லுவார் என்று அந்த அம்மா நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த மனிதருக்குக் குரல் மிச்சமிருப்பதே இந்தக் கொஞ்ச நாட்கள்தான். அதையும் இந்த அம்மா பூட்டி வைத்துவிட்டார். ஆனால் நேற்றுச் சால்வை போட்டவன் நான், அதுவும் வேற்று மதத்துக்காரன், என்ன சொல்ல முடியும்? ஐயாவுக்கு இதில் சம்மதமோ என்று மட்டும் கேட்டுவைத்தேன்.

"சரின்னுதான் தலையாட்டுனாருங்க. கட்டிக்கிட்ட நாள்லேருந்து நான் சொல்லி எதுக்குத்தான் அவரு தலையாட்டல?"

ஒரு தட்டு, இரண்டு தட்டு

வாய் மூடியிருந்ததே தவிர அவர் சும்மா இருக்கவில்லை. பஸ்ஸில் போலவே, நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு தட்டுத் தட்டினால் போகலாம். ஒரு தட்டு என்றால் நில். இதை அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை, என் கால்களுக்குச் சொல்லித் தந்தார். இரண்டாம் நாள் நான் யோசிப்பதற்கு முன்பே கால்கள் நின்றன, புறப்பட்டன. மெழுகுதிரி ஏற்றும் இடத்தில் ஒரே நெரிசல். நாங்கள் எல்லோரும் "கொஞ்சம் வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்தித் தொண்டை காய்ந்து நின்றபோது, இவர் நாற்காலியின் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் படபடவென்று அடித்தார். முன்னால் நின்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே நகர்ந்து இடம் விட்டார்கள். கண்டி பஸ்ஸில் போய்ப் பழகிய உடம்புகள்.

மனைவி ஜெபமாலை சொல்லப் போயிருந்த நேரம் பார்த்துத் தேநீர்க் கடைக்கு முன்னால் ஒரு தட்டு விழுந்தது. நின்றேன். சுடச்சுடத் தேநீர் அவருக்குக் கூடாது என்பதால், ஆற வைத்து ஆளுக்கொன்று குடித்தோம். கையும் களவுமாகப் பிடித்தது சிஸ்டர்தான்.

"நீ அவரைத் தள்ளுறியா, இல்ல அவர் உன்னை ஓட்டுறாரா?"

பக்கத்தில் ஆள் இருந்தது

ரீச்சரும் அந்த அம்மாவும் இதற்குள் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். காலையிலிருந்து மாலை வரை ஓயாத பேச்சு: மருந்து, மருமகள், மாதாவின் புதுமைகள். கொண்டக்டர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பார்.

ஞாயிறு காலை அந்த அம்மா மெழுகுதிரி வாங்கப் போயிருந்தார். ரீச்சர் தன் பையை என்னிடம் நீட்டி, பக்கத்து இடம் சும்மாதானே, அதில் வைக்கச் சொன்னார். "அதில ஐயா இருக்கிறார், ரீச்சர்" என்றேன். ரீச்சர் திடுக்கிட்டுப் போனார். எந்த ஐயா, எப்போது வந்தவர் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா திரும்பி வந்தார்.

"அவரு மொத நாள்லேருந்தே இங்கதாங்க டீச்சர் இருக்காரு" என்றார். நான் 'ஐயா' என்று கத்திக் கேட்டது வேறு யாரையோ என்றும், அந்த அம்மா 'சாப்பிடுங்க, குடிங்க' என்றதெல்லாம் எனக்கு என்றும் ரீச்சர் நினைத்திருக்கிறார். கணவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, அவருக்காக வேண்டிக்கொள்ளத் தனியாக வந்த பெண் என்றுதான் இத்தனை நாளும் அவரிடம் அனுதாபப்பட்டிருக்கிறார். நான் சிரித்துவிட்டேன். ரீச்சர் சிரிக்கவில்லை.

"கோவிக்காதையும் பிள்ளை. சத்தமில்லாத ஆள் எனக்கு இல்லாத ஆள்தான்."

ஏற்றம்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை ஒப்பரேஷன் நடந்தது. ஆள் தப்பினார். குரல் போனது. நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய நாளைப் பற்றி.

ரீச்சர் சொன்னதைக் கேட்ட பிறகு அந்த அம்மா பூசை முடியும் வரை பீடத்தைப் பார்க்காமல் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மாதாவைச் சுற்றிக் கொண்டுவரும் சுற்றுப்பிரகாரம் தள்ளிப்போனது. அது முடிந்தால்தான் கொடி இறக்குவார்கள். மேலே அவர்களை ஏற்றிப்போக வந்த வேன்காரர் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார், வார்டுக்கு நேரமாகிறது. அந்த அம்மா கொடியைப் பார்ப்பார், மேலே வேனைப் பார்ப்பார், மறுபடி கொடியைப் பார்ப்பார். கடைசியில் பையை எடுத்துக்கொண்டு, "தள்ளுங்க தம்பி" என்றார்.

மழை தூறலாகியிருந்தது. ஏற்றத்தில் பாதி வந்திருப்போம். "நிப்பாட்டுங்க" என்றவர், சுற்றி வந்து கணவருக்கு முன்னால் நின்றார்.

"பேசுங்க."

அவர் கீழே விரலைக் காட்டினார். கொடி இன்னும் கம்பத்தில்தான் இருந்தது. இல்லை என்று தலையை அசைத்தார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து மனைவி சொன்னதற்கு அவர் மறுத்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"நேர்த்தி வச்சது நானு, மாதாகிட்ட நானே சொல்லிக்கிறேன். போதும், என்னால முடியல. இத்தன வருஷமா 'இந்தா புள்ள'ன்னுதானே கூப்பிட்டீங்க? ஒரு தடவ என் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. எனக்குக் கேக்கணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"பிலோமினா!"

கரகரத்த குரல்தான். ஆனால் பஸ் நிலையத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்ப் பழகிய குரல். சரிவில் ஏறிக்கொண்டிருந்த குடைகளெல்லாம் நின்று திரும்பின. எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைக்கக் கையில்லை, பிடியை விட்டால் நாற்காலி கீழே போய்விடும். அவர் அதோடு விடவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். இன்னும் ஒரு தடவை, முன்னதை விடச் சத்தமாக. அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், சிரித்தார், பிறகு எட்டி அவர் வாயைப் பொத்தினார்.

"ஐயோ, மெதுவாக் கூப்பிடுங்க, எல்லாரும் பாக்குறாங்க!"

நோயாளிகளுக்குத் தொண்டு செய்யப் போகிறவர்களே, உங்கள் இடுப்புக்கு நல்ல தைலமாக ஒன்றைக் கொண்டுபோங்கள், மற்றதையெல்லாம் அவர்களே ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்வார்கள்.