கரடியின் மூக்கில் ஒரு புள்ளி

பழைய கார்ட்டூன் தொடர்களைப் புதிய டிவிக்கேற்பத் துலக்கித் தரும் கம்பெனியில் அவளுக்குத் தூசி துடைக்கும் வேலை. துணியால் அல்ல, மவுசால். ஸ்கேன் செய்த பிலிமில் பிரேம் பிரேமாகப் போய், பொட்டு பொடி எது தெரிந்தாலும் அழித்துவிட வேண்டும். அவள் கை பட்டதை யாரும் மறுபடி சரிபார்ப்பதில்லை. பத்து வருடத்தில் சம்பாதித்த பேர் அது.

இப்போது வந்திருந்தது தபால்காரக் கரடித் தொடர். சின்ன வயதில் அவளும் தம்பியும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. நடந்துகொண்டே இருக்கும் கரடி திடீரென்று தன் கன்னத்தில் தானே பளாரென்று அறைந்துகொள்ளும். கிறுக்குக் கரடி என்று அம்மா உட்பட வீடே சிரிக்கும். தம்பி மட்டும், "அங்க ஒரு ஈ இருக்கு" என்று அடம்பிடிப்பான். அந்த மங்கல் டிவியில் ஈயாவது, கொசுவாவது! ஈக்காரன் என்று அவனுக்குப் பேர் வைத்ததே அவள்தான். நாற்பதைத் தாண்டியும் அந்தப் பேர் அவனை விடவில்லை.

பதின்மூன்றாவது பகுதியில் கரடியின் மூக்கில் ஒரு புள்ளி. தூசியென்றால் ஒரு பிரேமோடு போய்விடும். இது எட்டு பிரேம் அசையாமல் உட்கார்ந்திருந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். இரண்டு இறக்கை.

முடித்துவைத்த பகுதிகளின் அசல் ஸ்கேனைத் திறந்து பார்த்தாள். முந்தைய பன்னிரண்டு பகுதிகளிலும் பிரேமுக்கு ஓரிடமாகப் பறந்த ஈயைத் தூசியென்று வழித்துத் துடைத்திருந்தாள். மறுநாள் அனுப்பியாக வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஈ காக்கைக்குத் தெரியாது.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள்.

"அந்தக் காலத்துலயே யார் கண்ணுக்கும் தெரியலையேம்மா. விட்டுடுங்களேன்."

"ஒருத்தனுக்குத் தெரிஞ்சுது சார். நாங்கதான் நம்பல."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப பன்னிரண்டையும் திரும்பச் செய்யணும். இனிமே நீங்க செஞ்சதை இன்னொருத்தர் பார்த்துதான் அனுப்புவாங்க."

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் சரியென்றாள்.

மாலையில் தம்பிக்குப் போன் செய்தாள். "டேய், அந்தக் கரடி மூஞ்சில ஈ இருந்துதுடா. நிஜமாவே இருந்துது."

எந்தக் கரடி என்று அவன் கேட்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்லிட்டியாக்கா?" என்றான்.