அளவுச் சட்டை

சுலைகா அந்தக் கொட்டகைக்கு முதலில் போனது உறை தைக்கத்தான். தங்கச்சிமடத்து இமானுவேல், வேதாளைக்குத் தெற்கே தென்கடல் ஓரமாக ஒரு தகரக் கொட்டகை போட்டு, அலையில் சறுக்குகிற பலகைகளை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் அதில் ஏறி விழுந்து, விழுந்து ஏறி, வேண்டிய மட்டும் உப்புத்தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். வெயிலில் கிடந்து பலகை மஞ்சளடிக்காமல் இருக்க உறை வேண்டும். ஊரில் கனத்த துணி தைக்கிற மிஷின் சுலைகாவிடம் மட்டும்தான் இருந்தது.

டேப்பும் கையுமாகப் போனவள், உள்ளறையில் அவன் பலகை செதுக்குவதைப் பார்த்துவிட்டாள்.

அறை முழுக்கக் கருநீலம் அடித்திருந்தான். இரண்டு பக்கச் சுவரிலும் இடுப்பு உயரத்துக்கு ட்யூப் லைட். நடுவே தாங்கியில் ஆள் நீளத்துக்கு ஒரு வெள்ளை நுரைக்கட்டை. அதன் நடுமுதுகில் தலை முதல் வால் வரை மெல்லிய மரப்பட்டி ஓடியது. வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுவதால் கட்டையில் கடுகளவு மேடு இருந்தாலும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

"மேலேருந்து லைட் அடிச்சா எல்லாமே அழகாத்தான்க்கா தெரியும். பக்கத்துலருந்து அடிச்சாத்தான் வண்டவாளம் வெளியில வரும்" என்றான்.

"கல்யாண வீட்டு போட்டோக்காரன் காதுல போட்டுறாதடா தம்பி. ஒரு பொண்ணுக்கும் கல்யாணம் ஆகாது" என்றாள் சுலைகா.

அரைப் பலகை வடிவில் வெட்டிய ஒரு பிளைவுட் தகட்டை மரப்பட்டியை ஒட்டி வைத்து அவன் கோடு போட்டான். பிறகு அதையே புரட்டி மறுபக்கம் வைத்துக் கோடு போட்டான். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் வந்தன. துணியை இரண்டாக மடித்துப் போட்டு வெட்டுகிற அதே வேலை. சுலைகாவுக்குக் கை துறுதுறுத்தது அந்த இடத்தில்தான். உறை தைத்துக் கொடுத்த கையோடு, "எனக்கும் சொல்லிக் குடேன்" என்று கேட்டுவிட்டாள். அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். கோவளம் பக்கம் வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் அவன் கற்றுக்கொண்டு வந்த வேலை அது. கூட ஒரு கை இருந்தால் நல்லதுதானே என்று அவனும் சரி என்றான்.

முதல் கட்டையில் கோட்டுக்கு வெளியே விரற்கடை விட்டு வெட்டினாள்.

"என்னக்கா இது?"

"பிடிப்பு. நாளப்பின்ன பத்தலைன்னா பிரிச்சு விட்டுக்கிறலாம்ல."

இமானுவேல் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "இதுல பிரிக்கிறதுக்குத் தையல் எங்கனக்கா இருக்கு? சீவுனா சீவுனதுதான். ஒட்டவும் முடியாது, விடவும் முடியாது."

அடுத்த கட்டையை ரோஷத்தோடு சீவினாள். ஒரு விளிம்பு உருண்டையாகவும் மறுவிளிம்பு அரிவாள்மணை போலவும் வந்தது. அதைத் துண்டு போட்டு, பழகுவதற்கு வைத்துக்கொண்டார்கள். சீவுளி பிடிக்கிற விதம், ஒரு முனையில் தொடங்கினால் மறுமுனை வரை நிற்காமல் நடந்துகொண்டே சீவ வேண்டும் என்பது, உப்புத்தாளை மரத்துண்டில் சுற்றித் தேய்ப்பது எல்லாம் மெல்ல மெல்லப் படிந்தன. கடைசிப் பரிசோதனை கண்ணை மூடிக்கொண்டுதான். இரண்டு உள்ளங்கையையும் இரண்டு விளிம்பிலும் ஒரே வேகத்தில் ஓட விட வேண்டும். எந்தக் கை முதலில் தயங்குகிறதோ அந்தப் பக்கம் குறை. வெள்ளை நுரைத்தூள் முக்காட்டிலும் புருவத்திலும் ஒட்டியிருக்க, வீட்டுக்கு வரும்போது நாத்தனார் நஃபீசா வாசலில் நின்று சொல்வாள்: "எங்க அண்ணன் அங்கன கண்டெய்னர் ஓட்டுறாரு, எங்க மதினி இங்கன கட்டையச் சீவுது. நல்ல குடும்பம்."

ஆளுக்கென்று செய்கிற பலகைக்கு ஆளைத் தெரிய வேண்டும். உயரம், எடை, தண்ணீரில் எவ்வளவு பழக்கம், எந்தக் கால் முன்னால் நிற்கும் கால். கடைசியதைக் கண்டுபிடிக்க இமானுவேல் ஒரு வேலை செய்வான். கண்ணை மூடி நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து முதுகில் கை வைத்துச் சட்டென்று ஒரு தள்ளு. விழாமல் இருக்க எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ அதுதான். கேட்டால் பொய் சொல்வார்கள், தள்ளினால் சொல்ல மாட்டார்கள் என்பான்.

சுலைகாவின் வீட்டுக்காரர் காஜா நவாஸ் சவுதியில், தம்மாமில் இருந்தார். கல்யாணம் ஆன மறுவருஷம் போனவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். போனமுறை வர வேண்டிய நேரத்தில் கம்பெனி மாறியதால் லீவு போய்விட, பார்த்து நாலு வருஷம் ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து போனில் முகம் வரும். நெற்றி, மூக்கு, பின்னால் மேல்கட்டிலின் இரும்புக் கம்பி. சில நாள் நெற்றி மட்டும். அந்த முகத்தோடு வீட்டு விஷயம், மகள் ஹுமைராவின் காலேஜ் விஷயம் எல்லாம் பேசி முடிப்பாள். பேச்சு முடிந்த பிறகு, பேசாமல் விட்டது என்னவோ ஒன்று மிச்சம் இருக்கும். அது இன்னதென்று அவளுக்கே தெரியாது. மீன் கழுவப் போய்விடுவாள்.

சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் சொன்னார். "ஆனிக்கு வாரேன் புள்ள. முட்டி வலி தாங்கல. இந்தத் தடவை வந்து பாப்போம். அங்கனயே ஏதாவது தோது இருந்தா இருந்துறலாமான்னும் ஒரு நெனப்பு இருக்கு. இன்ஷா அல்லா."

'பாப்போம்' என்றுதான் சொன்னார். சுலைகாவின் காதில் 'இருந்துறலாம்' மட்டும் விழுந்தது.

மறுநாளே இமானுவேலிடம் சொன்னாள். அவனுக்கும் அது நல்ல சேதிதான். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தென்கடல் துள்ளும். அப்போதுதான் ஆட்கள் அதிகம் வருவார்கள். கரையில் ஒரு படகோடு நின்று, இழுபட்டுப் போகிறவர்களைத் தூக்கி வரக் கடல் தெரிந்த ஆள் வேண்டும். "பாய் வந்தா படகு அவரு கையிலதான்க்கா" என்றான்.

நவாஸுக்குக் கடல் தெரியும். வயசுப்பிள்ளையாக இருந்தபோது சங்கு குளிக்கப் போன ஆள். கல்யாணமான புதிதில் ஒரு கச்சான் காலத்துச் சாயங்காலம், உடைந்த வள்ளத்தின் பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அலை எழும்பும்போது அதன்மேல் நெஞ்சைப் போட்டுக் கரைவரை வழுக்கிக்கொண்டு வந்தார். புதுப்பெண் என்பதால் சுலைகா தாழை மறைவில் நின்று பார்த்தாள். கரையில் எழுந்து, தலையை உதறி, அவள் நிற்கிற பக்கம் திரும்பிச் சிரித்தார். எலும்பும் தோலும் பல்லுமாக ஒரு சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அவர் வாங்கி வந்த சாமான்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகிவிட்டன. அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அவருக்கென்று ஒரு பலகை. கரையில் இறங்கியதும் கையில் கொடுத்தால், ஒரு தடவை அலையில் வந்துவிட்டால், அப்புறம் அந்த மனுஷன் எதற்குத் தம்மாம் போகப் போகிறார்? யாரிடமும் சொல்லாவிட்டாலும் அவள் கணக்கு அதுதான்.

"பாயோட எடை?" என்று இமானுவேல் கேட்டான்.

போனில் கேட்டால் எதற்கென்று கேட்பார். இருந்தாலும் பேச்சோடு பேச்சாக, "இளைச்சிருக்கீகளா, பெருத்திருக்கீகளா மச்சான்?" என்று கேட்டுப் பார்த்தாள். "அப்படியேதான் இருக்கேன், போ" என்றார்.

அப்படியே என்றால் அவளிடம் அளவு இருக்கிறதே. பீரோவில் அவருடைய நீலக்கட்டம் போட்ட சட்டை ஒன்று தொங்கியது. அளவுச் சட்டை. பெருநாளைக்கு அவருக்குச் சட்டை தைத்து, போகிற ஆள் கையில் கொடுத்துவிடும்போதெல்லாம் அதை விரித்துப் போட்டுத்தான் வெட்டுவாள். வந்து சேர்ந்தது, நன்றாக இருக்கிறது என்று சொல்வார். போட்டுக் காட்டச் சொல்லி அவள் கேட்டதில்லை. அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு போய்த் தாங்கியில் விரித்தாள். தோள் இவ்வளவு, மார்பு இவ்வளவு. கொட்டகைக்கு வருகிறவர்களில் அதே உடம்புள்ள ஒரு பையனைப் பார்த்து எடையைக் கேட்டாள்.

"அக்கா, சட்டை எந்த வருஷத்துது?" என்றான் இமானுவேல்.

"அளவுச் சட்டைடா. அதுக்கு ஏது வருஷம்?"

எந்தக் கால் முன்னால் என்பதற்கு அவள் யோசிக்கவே இல்லை. இடதுகால். கரையில் எழுந்தபோது அதைத்தான் முதலில் ஊன்றினார்.

அந்தப் பலகைக்கு அவள் யாரையும் கை வைக்க விடவில்லை. ஹுமைராவைக் காலேஜ் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு வருவாள். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு வீடு திரும்புவாள். மெலிந்த ஆளுக்குத் தக்க மெலிந்த பலகை. தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கி, வால்பக்கம் ஒடுக்கி. விளிம்பில் கண்ணை மூடி உள்ளங்கை ஓட்டும்போது அவர் விலா எலும்பு நினைவு வந்து, அறையில் யாரும் இல்லாதபோதும் கையை எடுத்துக்கொண்டாள். ஃபைபர் துணி விரித்துப் பிசின் ஊற்றுவது மட்டும் இமானுவேல். காய்ந்ததும் பளிங்காக நின்றது. "இதுவரைக்கும் இங்கன செஞ்சதுல இதான்க்கா ஒண்ணாம் நம்பர்" என்றான். பொய்யில்லை என்று அவளுக்கும் தெரிந்தது.

ஆனியில் மதுரை ஏர்போர்ட்டிலிருந்து கார் வந்து வாசலில் நின்றது. முதலில் ஒரு கால் இறங்கியது. கார் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூச்சு விட்டு, மற்றக் காலும். அப்புறம் வயிறு. முகம் மட்டும் போனில் பார்த்த அதே முகம்.

"வாப்பா, ஒரு லக்கேஜை முன்னாடி மாட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று ஹுமைரா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். கை சுற்றி வரவில்லை.

"குப்பூஸ் ரொட்டியும் கோழியும்மா. உட்கார்ந்த இடத்துலயே வண்டி ஓட்டுறது" என்று அவர் சிரித்தார். சுலைகாவும் சிரித்தாள். மனசுக்குள் அவள் சீவிச் சீவி எடுத்த நுரையெல்லாம் மலையாகக் குவிந்தது.

பலகையைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தாள். மூன்றாம் நாள் படகைக் காட்டுகிறேன் என்று இமானுவேல் அவரைக் கூட்டிப் போனான். சுலைகா பின்னாலேயே ஓடினாள். அதற்குள் பலகை வெளியே வந்துவிட்டது.

"எனக்கா? சுலைகாவா செஞ்சுச்சு?" நவாஸ் பலகையைத் தடவினார். இந்தப் பக்கம் தடவினார், அந்தப் பக்கம் தடவினார். அவர் கண்ணில் அந்தப் பழைய ஆள் ஒரு கணம் எட்டிப்பார்த்தான். கைலியை மடித்துக் கட்டினார்.

"வேணாம் மச்சான். முட்டி வலின்னீக."

"சும்மா இரு புள்ள. தண்ணிக்குள்ள என்ன முட்டி?"

கச்சான் நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அவர் பலகைமேல் படுத்ததும், பலகை அவர் வயிற்றுக்குக் கீழே தண்ணீருக்குள் போனது. கையால் துழாவினார். நகரவில்லை. அலை வந்தது, தலைப்பக்கம் குத்திக்கொண்டு அவரைப் புரட்டிப் போட்டது. மறுபடி ஏறினார். மறுபடியும். கரையில் நின்ற பெங்களூர்ப் பிள்ளைகள் கைதட்டினார்கள், கேலியில்லை, உற்சாகம்தான். சுலைகாவுக்கு அது கேலியாகவே கேட்டது. கடைசியில் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இருமியபடி வந்து மணலில் உட்கார்ந்தார்.

இமானுவேல் படகைப் பார்ப்பதுபோல் நகர்ந்து போய்விட்டான்.

"அளவு தப்பிருச்சு மச்சான்" என்றாள்.

"உன் மேல தப்பில்ல. நீ எங்கிட்ட கேட்ட. நான்தான் அப்படியே இருக்கேன்னேன்." தலையைச் சாய்த்துக் காதில் ஏறிய தண்ணீரைத் தட்டினார். "நீ தைச்சு அனுப்புன சட்டையெல்லாம் எனக்குப் பத்தல புள்ள. ரூம்ல கூட இருக்கிற நேபாளிப் பையனுக்குத்தான் குடுத்துட்டு வாரேன். ரெண்டு மூணு பெருநாளா."

"சொல்லியிருக்கலாம்ல."

"என்னன்னு சொல்ல? நீ தைச்சது பத்தலைன்னா?" பிறகு, அதே மூச்சில் சொன்னால்தான் சொல்ல முடியும் என்பதுபோல், "திரும்பிப் போற தேதி போட்டுத்தான் வந்திருக்கேன் சுலைகா. இன்னும் ரெண்டு வருஷம். ஹுமைரா படிப்பு முடியட்டும். போன்ல நான் பேசுனது ஆசையில பேசுனது" என்றார்.

 சுலைகா எழுந்து போய்ப் பலகையைக் கழுவினாள். உப்பு காய்ந்தால் திட்டு விழும்.

லீவு ஓடியது. கறி ஆக்கினாள், சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனார்கள், நஃபீசா வீட்டில் விருந்து சாப்பிட்டார்கள். அவர் கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில், "ஒரு எட்டு கொட்டகைக்கு வாங்க மச்சான்" என்றாள்.

கருநீல அறையில் இரண்டு பக்க லைட்டையும் போட்டு, அவரை நடுவில் நிறுத்தினாள். டேப்பை மார்பில் சுற்றினாள். அவர் வயிற்றை உள்ளே இழுத்தார்.

"மூச்சை விடுங்க."

"விட்டாச்சு."

"எங்கிட்டயேவா? முழுசா விடுங்க."

விட்டார். டேப் நீண்டது. அதைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். எடை மிஷினில் ஏற்றி எண்ணைப் பார்த்துக்கொண்டாள். முட்டியைத் தொட்டு, எது மடங்கும், எவ்வளவு மடங்கும் என்று கேட்டாள். பிறகு, "கண்ணை மூடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"மூடுங்களேன்."

முதுகில் உள்ளங்கையை வைத்தாள். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. தள்ள வேண்டிய நேரம் போய்க்கொண்டே இருந்தது. கை அங்கேயே இருந்தது. "புள்ள?" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். அப்புறம்தான் தள்ளினாள். முன்னே போனது வலதுகால்.

"அடுத்த தடவை வாரப்ப இன்னும் பெருத்துட்டா என்ன செய்வ?" என்று வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார்.

"மாறுனா சொல்லுங்க. போன்ல மூஞ்சியை மட்டும் காட்டுனா எனக்கு என்ன தெரியும்?"

மறுநாள் கிளம்புகிறபோது, போட்டிருந்த சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வேறு போட்டுக்கொள்ளச் சொன்னாள். நீலக்கட்டச் சட்டையை மடித்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். அது தொங்கிய இடத்தில் அவர் கழற்றிய சட்டை தொங்கியது. அந்த மெலிந்த பலகையை வாடகைக்கு விட்டுவிடச் சொல்லிவிட்டாள். கல்லூரிப் பையன்கள் அதற்குப் போட்டி போடுகிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புதுக் கட்டை தாங்கியில் ஏறியிருந்தது. அகலமும் கனமுமான கட்டை. சீவுளியை எடுக்கும்போது போன் அடித்தது. நெற்றி, மூக்கு, கட்டில் கம்பி.

"கொட்டகையிலயா இருக்க?"

"ஆமா. கோடு போட்டுட்டேன். இனிமேத்தான் சீவணும்."

"இரு, இரு. சீவிறாத."

திரை ஆடியது. போனை எதன்மேலோ சாய்த்து வைக்கிறார். சரிந்து விழுந்தது, மேற்கூரை தெரிந்தது, மறுபடி நிமிர்ந்தது. நவாஸ் பின்பக்கமாகவே நடந்து, நடந்து, எதிர்ச்சுவரில் முதுகு முட்டுகிறவரை போய் நின்றார். தலை முதல் கால்வரை முழு ஆளும் தெரிந்தார். யாரோ இந்தியில் ஏதோ சொல்ல, அறைக்குள் சிரிப்புக் கேட்டது. அவர் கண்டுகொள்ளவில்லை. கையைத் தொங்கவிட்டு நேராக நின்றார். அப்புறம், அவள் கேட்காமலே, மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பினார்.

"தெரியுதா?"

"அப்படியே நில்லுங்க" என்றாள் சுலைகா. காதிடுக்கிலிருந்த பென்சிலை எடுத்தாள். ஆனால் கோடு எதுவும் போடவில்லை.