ஓடாமல் நின்றவன்

ஈழத்தில் போர் முடிந்த அடுத்த வருடம் பாரிசுக்கு வந்தேன். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு காய்கறிக் கடையில் பெட்டி இறக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்போல் விளையாடினேன். புறநகரான செவ்ரானில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கு அது பெரிய பகிடி. "துரை பந்தடிக்கப் போறார்" என்று வழியனுப்புவார்கள்.

எங்கள் பயிற்சியாளர் ஐம்பதை நெருங்கிய ஓர் அமெரிக்கர். சொந்த நாட்டில் பெரிய அணிக்குள் நுழைய முடியாமல் இளவயதில் ஜப்பானுக்குப் போனவர். முதல் வருடம் அவர் அடித்த அடிக்குத் தெருவில் மறித்துக் கையெழுத்துக் கேட்டார்களாம். இரண்டாம் வருடம் முழங்கால் போனது. ஒருநாள் காலை அணியின் மொழிபெயர்ப்பாளர் விமானச் சீட்டோடு வாசலில் நின்றாராம். அதன்பிறகு நாடு நாடாகப் பயிற்சியாளர் வேலை. பிரெஞ்சு இருவருக்கும் அரைகுறை என்பதால் இங்கிலீஷில் பேசிக்கொள்வோம். "நாம் இரண்டு பேரும் அந்நியர்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சம்பளம் பேசிக் கூட்டிப்போன அந்நியரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த அந்நியனும் ஒன்றா?

நான் விளையாடத் தொடங்கிய இரண்டாம் வருடம் அவருடைய ஒப்பந்தம் முடிய இருந்தது. கிளப் அதை நீட்டினால்தான் விசாவும் நீளும். கடைசி ஆட்டத்தில் வென்றால் நீட்டுவதாகத் தலைவர் சொன்னாராம். அதைச் சொன்னபோது அவருடைய கண்களில் இருந்த பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம். அன்றுதான் அவரை எனக்குப் பிடித்தது.

அந்த ஆட்டத்தில் கடைசியாக அடிக்கப் போனவன் நான். அடித்த பந்து வந்து சேருமுன் ஓடிப்போய் முதல் மூலையைத் தொட்டுவிட்டால் ஆட்டம் எங்கள் பக்கம் திரும்பும். அவுட்டானால் தோல்வி. அடித்தேன். பந்து உருண்டு நேரே எதிரணிக்காரனிடம் போனது. கிரிக்கெட்டில் அப்படிப் போனால் யார் ஓடுவார்? மட்டையை ஊன்றிக்கொண்டு அடுத்த பந்துக்குக் காத்திருப்போம். பேஸ்போலில் ஓடியே ஆகவேண்டும். இரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த சட்டம்தான். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் பழகிய கால் நின்றுவிட்டது. அவன் பந்தைத் தவறவிட்டான். "ஓடு!" என்று பயிற்சியாளர் கத்தினார். நான் மூலைக்கு ஓடிப் போய்ச் சேருமுன் பந்து போய்ச் சேர்ந்துவிட்டது. அவுட்.

அவர் திட்டவில்லை. தோளில் தட்டினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதன்பிறகு நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் கடைக்கு வந்தார். கண்ணாடிக்கு வெளியே கண்டதும் முதலாளிக்குச் சைகை காட்டிவிட்டுப் பின்னறைக்குள் புகுந்து முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். நான் வேலைக்கு வரவில்லை என்று முதலாளி பிரெஞ்சில் சொல்வது கேட்டது. பிறகு பயிற்சியாளர், இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாத முதலாளியிடம், கடை முழுக்கக் கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னார்:

"ஆட்டத்துக்கு முன்பே வேறு ஆளைப் பேசி வைத்திருந்தார்கள். நீ ஓடியிருந்தாலும் என்னை அனுப்பியிருப்பார்கள். நாளைக்குப் போகிறேன்."

அப்போதாவது வெளியே வந்திருக்கலாம். வெட்கமாக இருந்தது. அழுதுவிடுவேன் என்று பயமாகவும் இருந்தது.

"ஆள் போயிட்டுது, வா வெளியிலை" என்றார் முதலாளி. "இங்கிலீசிலை என்னவோ சொன்னது. என்னவாம்?"

"ஒண்டுமில்லை அண்ணை."

பயிற்சியாளர் சொன்னது உண்மையா, என் மனம் ஆறட்டும் என்று சொன்னதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.