முப்பத்தோரு ஆட்டத்துக் கயிறு

நாடகக் கம்பெனி முதலாளி எனக்கு முப்பத்தோரு ஆட்டத்தின் கூலி தரவேண்டியிருந்தது. ஆட்டத்துக்குப் பத்து, ஆக முந்நூற்றுப் பத்து. இருபத்தாறு வருஷம் அதை நான் மறக்கவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் எனக்கு வரவேண்டியதை எவனும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கம்பெனி வருஷக்கணக்காக ஒரே நாடகத்தைத்தான் போட்டது. கோபித்துக்கொண்டு பிரிந்த காதலர்கள் அடுத்தடுத்த அறைகளில் இருப்பார்கள். நடுவில் ஒரு கதவு. கடைசிக் காட்சியில் இருவருமே மன்னிப்புக் கேட்க ஓடிவந்து, ஆளுக்கொரு பக்கம் கதவோடு மல்லுக்கட்டுவார்கள். திறக்காது.

“வேணும்னே பூட்டிட்டா!” என்பான் அவன்.

“பூட்டிட்டு நடிக்கிறத பாரு!” என்பாள் அவள்.

பூட்டே கிடையாது. கதவுக்கு அடியில் ஒரு மர ஆப்பு. அதில் கட்டிய கயிறு பின்திரைக்குப் பின்னால், என் கையில்.

கயிற்றை இழுத்தால் ஆப்பு கழன்று கதவு திறக்கும். எப்போது இழுப்பது என்பதில்தான் சூட்சுமம். கூட்டம் சிரிக்கும்போது இழுக்கக் கூடாது. சிரித்து ஓய்ந்து, எங்கோ ஒருத்தி “அடப் பாவமே” என்று வாய்விட்டுச் சொல்வாள். அந்த நொடியில் இழுக்கவேண்டும். யார் முதலில் பேசுவது என்று வீம்பு பிடிக்காத வீடு எங்கே இருக்கிறது? அதனால்தான் அம்மாவோடு பார்த்தவர்கள் பிறகு மகளோடும் வந்தார்கள். கதாநாயகனாக நடித்த முதலாளியோ, எல்லாரும் தன் மூஞ்சிக்காக வருவதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

கூலி கேட்ட அன்று எல்லார் முன்னாலும், “கயிறு இழுக்கிறவனுக்குச் சம்பளம் ஒரு கேடா?” என்று என்னை விரட்டினார். என் இடத்தில் அவருடைய மைத்துனர் உட்கார்ந்தார். சிரிப்பு கிளம்பியதுமே அந்த ஆள் இழுத்துவிடுவார். ஜனம் சிரித்தது, போனது, மறுமுறை வரவில்லை. கேள்விப்பட்டபோதெல்லாம் எனக்கு வயிறு குளிர்ந்தது.

நான் மரவேலையில் இறங்கினேன். மேடை போட்டேன், நாற்காலி வாடகைக்கு விட்டேன், எவன் தயவும் இல்லாமல் அறுநூறு பேர் உட்காரும் அரங்கைக் கட்டினேன். அந்த அரங்கைத்தான் முதலாளி தன் கடைசி ஆட்டத்துக்குக் கேட்டு வந்தார். உடனே கொடுத்தேன்.

“அந்த ஆளுக்குப் போய் பல்லை இளிச்சுக்கிட்டுக் குடுக்குறீங்களே, வெக்கமா இல்ல?” என்றாள் என் மனைவி.

“இருடி, வேடிக்கையப் பாரு.”

ஒரு நாற்காலி காலியில்லை. கடைசி ஆட்டம் என்றதும் பழைய ஜனமெல்லாம் திரும்பி வந்திருந்தது; அந்தக் கதவு இன்னும் அவர்களை இழுத்தது. இடைவேளையில் முதலாளி என் அறைக்கு வந்தார். எழுபது வயதில் இருபத்தைந்து வயதுக் காதலன். பூசிய சிவப்பு கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. பின்னாலேயே நடிகர்களும் வந்து நின்றார்கள்.

“மைத்துனனுக்குக் காது சுத்தமா கேக்கல. கடைசி ஆட்டம் பாழாயிடும். நீ வந்து பிடிடா… பிடிங்க.”

“முப்பத்தோரு ஆட்டம் பாக்கி இருக்கு முதலாளி.”

“முடிஞ்சதும் தர்றேன்.”

“அன்னைக்கும் இதையேதான் சொன்னீங்க.”

“வட்டியோட தர்றேன்யா!”

“உங்க வட்டி யாருக்கு வேணும்? பத்துப் பத்தா, முப்பத்தோரு தடவை. இவங்க எல்லாரும் பாக்கணும்.”

முதல் மணி அடித்தது. டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்து பத்து ரூபாய் நோட்டுக் கட்டு ஒன்றைக் கம்பெனி மேனேஜர் ஓடிப்போய் வாங்கிவந்து என்னிடம் நீட்டினார். நான் கையை மடக்கிக்கொண்டேன்.

“நீங்க இல்ல சார். அவரு எண்ணட்டும்.”

முதலாளி என்னைப் பார்த்தார். கதாநாயகியாக நடித்த பெண் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். இரண்டாம் மணி அடித்தது. நான் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் விரித்து நீட்டினேன்.

கட்டை வாங்கிப் பிரித்து, “ஒண்ணு” என்றார். குரல் எழும்பவில்லை.

“கேக்கல முதலாளி.”

“ஒண்ணு!”

பத்தைத் தாண்டியதும் மளமளவென்று எண்ணினார். இருபது என்று அவர் சொன்னதும் நான், “இது பத்தொம்பது” என்றேன், திரும்ப எண்ணவைத்தேன். வெளியே அறுநூறு பேர் கைதட்டி அவசரப்படுத்தினார்கள். அவர் குனிந்தபடியே எண்ணினார். முப்பத்தோராவது நோட்டை என் உள்ளங்கையில் வைத்தார். நோட்டுகளை மடியில் செருகிக்கொண்டு, கயிற்றைப் பிடிக்க எழுந்தேன்.