ராத்தா ஏறிக் குந்திய பெட்டி

என் அறையில் இருக்கும் தகர றங்குப்பெட்டியின் மூடியில் ஒரு பள்ளம் உண்டு. தகரக்காரனைக் கூப்பிட்டுத் தட்டி நிமிர்த்துவோம் என்று மகள் நச்சரிக்கிறாள். கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்! என் மூத்த சகோதரி, எங்கள் ராத்தா, ஏறிக் குந்தியதால் விழுந்த பள்ளம் அது.

காவின் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதி, மாப்பிள்ளையாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், கொண்டுவந்த பெட்டி. கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் பெட்டியோடு வந்து சேருவான். மச்சானுக்கு ஐம்பத்தைந்து வயதளவில் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்றார்கள். கொழும்பில் அறுத்து எடுத்தார்கள். உயிரோடு திரும்பி வந்தாரே, அந்தச் சந்தோசத்தை எப்படிச் சொல்வேன்! தெருவுக்கே பாற்சோறு பகிர்ந்தோம்.

ஆனால் மச்சானின் முகம் தெளியவில்லை. இருமினால், தும்மினால், பிழைப்புக்கு நெய்யும் தறியில் காலை ஊன்றி மிதித்தால் சிறுநீர் கசியும். சாரம் நனையும். இந்த உடம்போடு எப்படித் தொழுவது என்று பள்ளிவாசலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஆலிம்சா வீடு தேடி வந்தார். "கட்டுப்படாம வாறதுக்குக் குத்தமில்ல. பாங்கு சொன்னதும் கழுவி, சீலத்துண்டக் கட்டி, தொழுகைக்கு ஒழு எடுத்துட்டு வாங்க" என்றார். அந்தக் கவலை தீர்ந்தது. தீராதது படுக்கையில் இருந்தது. மச்சானுக்கு எழுச்சியே வரவில்லை. அறுவையில் நரம்பு கெட்டால் அப்படித்தான் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். அன்றைக்கு யார் சொன்னார்கள்? ஆண்மை போனவனுக்குப் பெண்சாதி வீட்டில் என்ன உரிமை என்று அவரே முடிவுகட்டிக்கொண்டார்.

ஒரு முற்பகலில் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. மச்சான் பெட்டியைக் கட்டிவிட்டார். "நான் தங்கச்சிர ஊட்ட போறன். இனி என்னால உனக்கு ஒண்டுமில்ல. தலாக் சொல்லப் போறன், நீ வேற ஒராள முடி" என்றார். அடுப்படியிலிருந்து கரிக்கையோடு ஓடி வந்த ராத்தா, பெட்டிமேல் ஏறிக் குந்தினார். தகரம் டமாரென்று உள்ளே போனது!

"இது ஆர்ர ஊடு?"

"உண்ட ஊடு" என்றார் மச்சான்.

"அப்ப இதுக்குள்ள ஆர் இரிக்கிற, ஆர் போற எண்டு நான்தான் சொல்லுவன். நீங்க இரிக்கிற! அடியேய், அந்த வண்டிலத் திருப்பச் சொல்லுடி!"

நான் பறந்து போய்த் திருப்பினேன். மச்சான் நின்ற இடத்திலேயே விம்மி அழுதார்.

மாதங்கள் போகக் கசிவு குறைந்தது. மற்றது திரும்பவேயில்லை. ஒருநாள் துணிந்து ராத்தாவிடம் கேட்டேன். ஐயோ, அந்தச் சிரிப்பு! "அது போனா என்னடி? கையப் புடிச்சிக்கிட்டுப் படுக்கிறம். எண்ட ரப்பே, முடிச்ச நாளையிலருந்து இந்த மனிசன் இவ்வளவு கதச்சதில்லடி!"

அந்தக் காலத்திலேயே ஒரு தகரக்காரன் சுத்தியலோடு பள்ளத்தை நிமிர்த்த வந்தான். மச்சான் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவனிடம் சொன்னதை நேற்று மகளுக்கு அப்படியே சொன்னேன்.

"தொடாத மனே! முதக் காவின் கடதாசில எழுதின. ரெண்டாவது காவின் இதுதான்."